தரங்கம்பாடி: படக்கார்டில் இருந்ததும் இல்லாததும் (வாசகர் கேள்வி பதில்)

சென்ற இதழில் பழைய படக்கார்டுகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தரங்கம்பாடியையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் பற்றியவை. அதனால் இந்த முறை பதில்கள் எல்லாமே அந்த ஒரு ஊரைச் சுற்றித்தான்.

கேள்வி: என் தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு படக்கார்டு கிடைத்தது. வளைவு வைத்த ஒரு நுழைவாயில், பக்கத்தில் மாட்டுவண்டி, அடியில் ஆங்கிலத்தில் தரங்கம்பாடியின் வெள்ளைக்காரப் பெயர். பின்பக்கம் முகவரி மட்டும் இருக்கிறது, நடுவில் கோடு எதுவும் இல்லை. ஸ்டாம்பில் தாடி வைத்த ராஜா. இது எந்த ஆண்டு கார்டு ஐயா? (பொறையார் வாசகர்)

பதில்: வாசலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் பஸ்ஸில் போகிற எல்லோரும் கடந்து போகிற அதே டேனிஷ் வாசல்தான் அது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் ஊரைப் பிடித்தபிறகு கோட்டை கட்டினார்கள், அப்புறம் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள், அந்த மதிலில் நிலப்பக்கம் திறந்த வாசல் இது. இப்போது நிற்கிற வாசல் 1792-ல் கட்டியது, ஆண்டும் டேனிஷ் ராஜாவின் முத்திரை எழுத்தும் அதன் நெற்றியிலேயே இருக்கின்றன. கார்டை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், அந்த எழுத்து தெரிய வாய்ப்பு உண்டு.

இனி ஆண்டு. கோடு இல்லாத பின்பக்கம் உங்களுக்குப் பெரிய உதவி. ஆரம்பத்தில் தபால் இலாகாக்கள் கார்டின் பின்பக்கத்தில் முகவரியைத் தவிர வேறு எதையும் எழுத அனுமதிக்கவில்லை, சேதி எழுத வேண்டுமானால் படத்தின் ஓரத்தில் இருக்கிற வெள்ளை இடத்தில் இடுக்கி இடுக்கி எழுத வேண்டும். 1902-ல் பிரிட்டன், 1905-ல் ஜெர்மனி, 1907-ல் அமெரிக்கா என்று ஒவ்வொரு நாடாக நடுவில் கோடு போட்டு இடது பாதியைச் சேதிக்கு விட்டார்கள். அந்தப் பத்தாண்டுக்குள் நம் நாட்டுப் படக்கார்டுகளுக்கும் கோடு வந்துவிட்டது. ஆகவே உங்கள் கார்டு அச்சானது ஏறத்தாழ 1900-க்கும் 1907-க்கும் இடையில். தாடி வைத்த ராஜா என்றால் ஏழாம் எட்வர்டா ஐந்தாம் ஜார்ஜா என்று பார்க்க வேண்டும், இரண்டு பேருக்கும் தாடி உண்டு. எட்வர்டுக்குத் தலை வழுக்கை, ஸ்டாம்பில் கிரீடம் அவர் தலைக்கு மேலே தனியாக இருக்கும். ஜார்ஜ் கிரீடத்தைத் தலையிலேயே வைத்திருப்பார். எட்வர்டு ஸ்டாம்புகள் 1902-ல் தொடங்கி 1911 வரை, அதன் பிறகு 1937 வரை ஜார்ஜ். எட்வர்டு என்றால் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. ஜார்ஜ் என்றால் பழைய கார்டைக் கடைக்காரர் விற்காமல் வைத்திருந்து பிறகு யாரோ வாங்கிப் போட்டிருக்கிறார், அதுவும் சகஜம்.

கார்டு உள்ளூருக்குப் போனதா கடல் தாண்டிப் போனதா என்பதை ஸ்டாம்பின் விலை சொல்லிவிடும். உள்நாட்டுக்குக் கால் அணா, அதாவது மூன்று தம்பிடி. 1879 ஜூலை 1-ல் சர்க்கார் தபால் கார்டு வந்த நாள் முதல் அதுதான் விலை, 1922-ல்தான் அரை அணா ஆனது. உங்கள் தாத்தாவின் கார்டில் கால் அணா ஸ்டாம்பு இருந்தால் அது நம் ஊருக்குள்ளேயே யாரோ யாருக்கோ போட்டது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். முத்திரையில் இருக்கிற தேதி கார்டைத் தபாலில் போட்ட தேதிதான். படம் எடுத்தது அதற்கு ஐந்து வருஷம் முன்பாகவும் இருக்கலாம், பதினைந்து வருஷம் முன்பாகவும் இருக்கலாம். அப்போதைய ஸ்டூடியோக்கள் ஒரே கண்ணாடி நெகடிவ்வை வைத்து வருஷக்கணக்கில் அச்சடித்தன. கார்டில் எந்தக் கட்டடமாவது நின்றுகொண்டிருந்தால், முத்திரைத் தேதியைக் காட்டி “அந்த ஆண்டில் இது இருந்தது” என்று சத்தியம் செய்யக்கூடாது.

கேள்வி: என்னிடம் உள்ள கார்டில் கடல் பச்சையாகவும் கோட்டை ரோஜா நிறத்திலும் இருக்கிறது. அப்போது கோட்டைக்கு அந்த நிறம்தான் அடித்திருந்தார்களா? (காரைக்கால் வாசகர்)

பதில்: நம்பாதீர்கள். கலர் போட்டோ இல்லாத காலம். கருப்பு வெள்ளைப் படத்தின் மேல் அச்சகத்தில் நிறம் ஏற்றினார்கள். அந்த நாளில் படக்கார்டு அச்சுக்குப் பெயர் போனது ஜெர்மனி, சென்னையில் கடை வைத்திருந்தவர்கள்கூடப் படத்தை அங்கே அனுப்பி அடித்து வாங்கினார்கள். நிறம் பூசியவர் தரங்கம்பாடியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். சுவர், கூரை, கடற்கரையின் அகலம், இதையெல்லாம் நம்பலாம். சேலை நிறத்தையும் சுவர் நிறத்தையும் நம்பக்கூடாது.

கேள்வி: மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் போனது என்று என் அம்மா சொல்லுவார். ஆக்கூரில் ஏறித் திருக்கடையூர் போனதாகவும், புகை கண்ணில் விழுந்ததாகவும் கதை கதையாகச் சொல்லுவார். நானும் தேடாத இடம் இல்லை. கோட்டைக்கு நூறு படம் கிடைக்கிறது, தேவாலயத்துக்கு ஐம்பது கிடைக்கிறது, தரங்கம்பாடி ஸ்டேஷனுக்கு ஒரு கார்டுகூட இல்லை. ஏன்? (மயிலாடுதுறை வாசகி)

பதில்: வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான் அம்மா. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

அந்த ரயில் 1926-ல் வந்தது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்ட பாதை அது. நம்மில் பலருக்குத் தெரியாத பெருமை ஒன்று உண்டு, ஜில்லா போர்டு தன் மக்களிடம் வரி வாங்கித் தானே ரயில் பாதை போடுவது என்கிற வேலையைத் தொடங்கி வைத்ததே தஞ்சாவூர்தான். மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-ல் போட்ட பாதைதான் முதல். தரங்கம்பாடிப் பாதை பிறகு வந்தது. மீட்டர் கேஜ், ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று நின்று நின்று கடலோரத்துக்குப் போகும். வெள்ளைக்காரக் கம்பெனி லாபத்துக்காகப் போட்டது இல்லை, டேனிஷ் ராஜா போட்டதும் இல்லை. நெல்லையும் மீனையும் அபிஷேகத்துக்குப் போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு போக, நம் ஊர் நிலவரிப் பணத்தில் வந்த ரயில். பஸ் போட்டியில் கூட்டம் குறைந்து 1986-ல் நிறுத்தினார்கள், தண்டவாளத்தையும் எடுத்துவிட்டார்கள்.

அறுபது வருஷம் ஓடிய ரயில். ஆனாலும் கார்டு இல்லை. காரணத்தைத் தேதிகளை வைத்தே பார்க்கலாம். படக்கார்டு என்பது ஒரு பித்து மாதிரி உலகத்தைப் பிடித்திருந்த காலம் 1900 தொடங்கி முதல் உலகப்போர் வரைதான். சென்னையில் வீல் அண்டு கிளைன் ஸ்டூடியோ, ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர் எல்லோரும் கார்டு போட்டுத் தள்ளிய காலம் அது. 1914-ல் போர் வந்ததும் ஜெர்மன் அச்சகங்களோடு தொடர்பு அறுந்தது. போர் முடிந்தபிறகு அந்த வேகம் திரும்ப வரவில்லை. தரங்கம்பாடி ஸ்டேஷன் திறந்தபோது கடைவீதியில் கார்டு விற்கிற காலம் முடிந்துபோயிருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. தரங்கம்பாடிக் கார்டுகளில் ஒரு பங்கு மிஷன்காரர்கள் அடித்தவை. 1706-ல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கிய ஊர் என்பதால் ஐரோப்பாவில் இந்த ஊருக்குத் தனி மரியாதை, அங்கே தேவாலயங்களில் இந்தக் கார்டுகளை விற்றுப் பணம் திரட்டினார்கள். வாங்குகிறவர் அங்கே இருந்தார், அவருக்கு எது வேண்டுமோ அதைத்தான் எடுத்தார்கள். 1718-ல் பிரதிஷ்டை ஆன புதிய எருசலேம் ஆலயம், டேனிஷ் கோட்டை, நுழைவாயில், பள்ளிக்கூடப் பிள்ளைகள், தென்னைமரம். நம் மளிகைக் கடை, உப்பு கிட்டங்கி, சத்திரம், மீனவர் தெரு எல்லாம் அவர்களுக்குப் படம் எடுக்கத் தக்கதாகத் தோன்றவில்லை, தோன்றினாலும் பின்னணியாகத்தான் தோன்றியது.

இதை நான் வெறும் வரலாற்றுத் தகவலாகச் சொல்லவில்லை, மனது வலித்துத்தான் சொல்கிறேன். ஒரு கட்டடம் கார்டில் ஏறிவிட்டால் அதற்கு ஆயுள் கூடுகிறது. பழுதுபார்க்க வருகிற ஆள் பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஜன்னல் இப்படி இருந்தது, இந்தத் தூண் இங்கே இருந்தது என்று திரும்பக் கட்ட முடிகிறது. கார்டில் ஏறாத கட்டடம் இடிந்தால் அதோடு சரி, அது எப்படி இருந்தது என்று காட்டக்கூட ஒன்றும் மிஞ்சாது.

அதனால் ஸ்டேஷன் படத்தைக் கார்டுக் கட்டுகளில் தேடுவதை விட்டுவிடுங்கள். வேறு மூன்று இடத்தில் தேடுங்கள். முதலாவது கல்யாண ஆல்பம். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மாப்பிள்ளை அழைப்புக்கு ஸ்டேஷனுக்குப் போன குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் கட்டாயம் இருக்கும், போட்டோகிராபர் பிளாட்பாரத்தில் ஒரு படமாவது எடுத்திருப்பார். மாப்பிள்ளைக்குப் பின்னால் ஊர்ப்பெயர்ப் பலகையின் ஒரு மூலை தெரிந்தாலே போதும். இரண்டாவது, அந்தப் பாதையில் வேலை செய்த ரயில்வேக்காரர்களின் வீடுகள். ஓய்வு பெறும் நாளில் ஸ்டேஷன் வாசலில் மாலையோடு நின்று எடுத்த குழுப்படம் பல வீட்டுச் சுவரில் இன்னும் தொங்குகிறது. மூன்றாவது, 1986-க்கு முன்னால் அந்த வண்டியைத் தேடி வந்த ரயில் பிரியர்கள். நீராவி எஞ்சின் படம் எடுக்கவே வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் உண்டு, அவர்கள் எஞ்சினைத்தான் எடுத்திருப்பார்கள், ஆனால் எஞ்சினுக்குப் பின்னால் ஸ்டேஷனும் நிற்கும்.

அம்மா உயிரோடு இருக்கிறார் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள். டிக்கெட் ஜன்னல் எந்தப் பக்கம், கூரை ஓடா தகரமா, வெளியே என்ன மரம், டீக்கடை யாருடையது, கடைசி வண்டி எத்தனை மணிக்கு. அவர் சொல்லச் சொல்ல நீங்கள் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டி “இப்படியா, இப்படியா” என்று கேளுங்கள். வாயால் சொல்லும்போது வராத நினைவு, தப்பாகப் போட்ட கோட்டைப் பார்த்ததும் வந்துவிடும்.

கேள்வி: மாசிலாமணிநாதர் கோயில் முன்பு எவ்வளவு பெரிதாக இருந்தது? பழைய படம் உண்டா? (சிதம்பரம் வாசகர்)

பதில்: ஊரிலேயே மூத்த கட்டடம் அதுதான். 1306-ஐ ஒட்டி, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். அங்கே உள்ள கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பே கப்பல் வந்துபோன ஊர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கிழக்கே பார்த்த கோயில், கிழக்கேதான் கடல். முன்மண்டபத்தை அலை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. நம் காலத்தில் பலர் பார்த்தது மண்டபம் உடைந்து, செதுக்கிய கற்கள் மணலிலும் தண்ணீரிலும் கிடக்க, கருவறைப் பக்கம் மட்டும் நின்ற கோலம். இப்போது கரையில் பாறாங்கற்களைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள், திருப்பணியும் நடந்து கோயில் புதிதாக நிற்கிறது.

முழுக்கோயிலைக் காட்டுகிற ஆதாரம் வேண்டுமானால் கார்டுக்கு முந்தைய காலத்துக்குப் போக வேண்டும். ட்ரெல்லுண்ட் என்ற டேனிஷ்காரர் 1733-ல் ஊரை வீதிவீதியாக அளந்து வரைந்த படம் ஒன்று இருக்கிறது. மதிலுக்குள் எது எங்கே இருந்தது என்று அதில் பார்க்கலாம், கரை அப்போது எங்கே இருந்தது என்றும் ஒப்பிடலாம். அதற்கும் முன்னால், 1650 வாக்கில் வரைந்த பெரிய எண்ணெய் ஓவியம் ஒன்று ஸ்வீடனில் ஸ்கோக்ளோஸ்டர் அரண்மனையில் தொங்குகிறது. 1788-லிருந்து 1806 வரை இங்கே கவர்னராக இருந்த பீட்டர் ஆங்கர் நார்வேக்காரர், கையில் தூரிகையோடு திரிந்தவர், அவர் வரைந்தவை ஆஸ்லோவில் இருக்கின்றன. பிற்காலப் புகைப்படத்துக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் கோயில் படத் தொகுப்பில் தேடுங்கள், 1956-லிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களை ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

கடல் கோயிலை மட்டும் தின்னவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீகன்பால்கு 1707-ல் கட்டிய முதல் எருசலேம் ஆலயமும் கடலுக்குத்தான் போனது. இப்போது நிற்பது அதற்குப் பிறகு ராஜ வீதியில் கட்டியது, அதனால்தான் பெயரிலேயே “புதிய” என்று இருக்கிறது. கிழக்கு மதிலும் அலையில்தான் போயிற்று.

கேள்வி: தனுஷ்கோடியைப் போலத் தரங்கம்பாடியும் ஒரே புயலில் அழிந்த ஊரா? (ராமநாதபுரம் வாசகர்)

பதில்: இல்லை. தனுஷ்கோடி 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவில் போனது. ஸ்டேஷன், கஸ்டம்ஸ், தபாலாபீஸ், ஆஸ்பத்திரி, சர்ச், போட்மெயில் ரயிலில் வந்த பயணிகளை இலங்கைக்குக் கப்பல் ஏற்றிவிட்ட துறை, எல்லாம் ஒரே ராத்திரியில். தரங்கம்பாடி மெதுவாகப் போன ஊர். 1845-ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த இடங்களையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றார்கள். கொஞ்ச காலம் தஞ்சை ஜில்லாவின் தலைநகரமாக இருந்தது, 1860-ல் கலெக்டர் ஆபீஸ் தஞ்சாவூருக்குப் போய்விட்டது. 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் கப்பல் சரக்கு அங்கே திரும்பியது. வியாபாரம் போனதும் பெரிய வீடுகளுக்கு ஆள் இல்லை, ஆள் இல்லாத வீட்டில் ஓடு சரியும், உத்தரத்தை யாராவது கழற்றிக்கொண்டு போவார்கள், ஆலங்கன்று முளைக்கும். புயல் இல்லாமலே ஒரு தெரு காணாமல் போக இது போதும். 2004 சுனாமி வந்தபோது கரையோரத்து மீனவர் குடியிருப்பு பட்ட பாடு உங்களுக்கே தெரியும். வீடுகளோடு வீட்டுக்குள் இருந்த போட்டோக்களும் போயின.

தனுஷ்கோடியைப் பேய் நகரம் என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து அதை நிறுத்த வேண்டும். அங்கே மீனவக் குடும்பங்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கேள்வி: டேனிஷ்காரர் கட்டியதை எல்லாம் லட்சக்கணக்கில் செலவழித்துப் புதுப்பிக்கிறார்கள். நம் ஜனங்கள் இருந்த வீடுகளை யார் பார்த்தார்கள்? (சென்னை வாசகர்)

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் முழு நியாயம் இல்லை. கோட்டையையும் கவர்னர் பங்களாவையும் டென்மார்க்கின் உதவியோடு சரி செய்தார்கள், உண்மை. அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கோட்டையைக் கட்டிய கொத்தனாரும் சுண்ணாம்பு அரைத்தவரும் நம் ஆட்கள்தான். அதே சமயம் சுனாமிக்குப் பிறகு, பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பினர் தட்டார தெருவில் சாதாரண ஓட்டு வீடுகளைத் திண்ணையும் மரத்தூணும் கெடாமல் பழுதுபார்த்துக் கொடுத்தார்கள், குடியிருந்தவர்களும் அங்கேயே தொடர்ந்து இருந்தார்கள். போனால் அந்தத் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். தூணின் மேல்முனையில் மரப்போதிகையைத் தொட்டுப் பாருங்கள், வாசல்படிக்கு இரண்டு பக்கமும் திண்ணை எவ்வளவு உயரம் என்று பாருங்கள், வழிப்போக்கர் உட்கார்ந்து எழுந்திருக்கச் சரியான உயரம். ஊர் என்பது இதுவும்தான் என்று அங்கே போனால் புரியும்.

என் வருத்தம் வேறு. ஒரு தெருவைப் பார்த்ததுபோல மற்றத் தெருக்களையும் பார்க்க ஆள் வரவில்லை. ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டுகிறவரை நான் குறை சொல்லத் தயாரில்லை, மழைக்கு ஒழுகுகிற வீட்டில் அவர்தானே படுக்கிறார். ஆனால் இடிக்கிறதுக்கு முந்தின நாள் செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுக்கலாம். முற்றம், அடுப்படி, தூண், கதவு நிலையில் இருக்கிற வேலைப்பாடு, பின்கட்டுக் கிணறு. செலவு ஒன்றும் இல்லை.

கேள்வி: ஊரில் இருந்து மறைந்தவற்றில் உங்களுக்கு அதிகம் வருத்தம் தருவது எது? (சீர்காழி வாசகி)

பதில்: பொறையாரில் இருந்த காகிதப் பட்டறை. 1715-ல் இங்கே தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது. அச்சுக்குக் காகிதம் கப்பலில்தான் வர வேண்டும், எப்போதும் தட்டுப்பாடு, எழுத்தின் அளவைச் சின்னதாக்கி வார்த்துக்கூடச் சமாளித்தார்கள். அதனால் காகிதத்தை இங்கேயே செய்யலாம் என்று ஆலை போட்டார்கள். தமிழ் நாட்டில் புத்தகத்துக்கென்று காகிதம் செய்த இடம், தண்ணீர்த் தொட்டியும் கந்தல் துணி இடிக்கிற உலக்கையுமாக எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் வழங்கிவந்தது, கட்டடம் இல்லை. புகைப்படக் கலையே பிறக்காத காலம், யாரையும் நொந்துகொள்ள முடியாது.

கேள்வி: ஒருவர் வீட்டுக்கு வந்து பழைய கார்டுகளை எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: எடைக்குக் கொடுக்காதீர்கள். விற்பது உங்கள் உரிமை, ஆனால் முதலில் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு ஒவ்வொரு கார்டாக விலை பேசுங்கள். ஒரு ஊரின் சாதாரண தெருவைக் காட்டுகிற கார்டுக்குத்தான் உண்மையில் அருமை அதிகம், தாஜ்மகால் கார்டு எல்லோரிடமும் இருக்கும். விற்க மனமில்லை, வைத்துக்கொள்ள இடமும் இல்லை என்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அசல் கார்டா, இப்போது அச்சடித்துப் பழசு மாதிரி விற்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (புதுச்சேரி வாசகர்)

பதில்: பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அசல் போட்டோவாகக் கழுவிய கார்டில் எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளி தெரியாது, நிழல் வழுவழுப்பாக இறங்கும். பழைய அச்சுக் கார்டில் நுண்ணிய சுருக்கமோ ஒரே நிறப் புள்ளிகளோ தெரியும். இன்றைய அச்சில் நாலு நிறப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாகப் பூப்போல நிற்கும், கருப்பு வெள்ளைப் படத்தில்கூட. அப்புறம் பழுப்பைப் பாருங்கள். உண்மையாகவே நூறு வருஷமான கார்டு ஓரத்தில் ஒரு மாதிரியும் நடுவில் ஒரு மாதிரியும் பழுத்திருக்கும், மூலை மழுங்கியிருக்கும், பழுப்பு எங்கும் ஒரே சீராக இருந்தால் அச்சடித்த பழுப்பு.

கேள்வி: அப்பா வைத்துவிட்டுப் போன கார்டுகளை லாமினேட் செய்துவிடலாம் என்று இருக்கிறேன். சரியா? (நாகப்பட்டினம் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். லாமினேட் செய்துவிட்டால் பிரிக்க முடியாது, சூட்டில் படமும் கெடும். பசை தடவிய பக்கங்கள் உள்ள ஆல்பமும் கூடாது, சில வருஷத்தில் கார்டின் பின்பக்கத்தை அது உரித்துக்கொள்ளும், எழுத்து போய்விடும். செல்லோடேப் ஒட்டியிருந்தால் நீங்களாகப் பிய்க்காதீர்கள். ஸ்டாம்பு சேர்க்கிறேன் என்று தண்ணீரில் ஊறவைத்து ஸ்டாம்பை எடுக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள், ஸ்டாம்பு போனால் கார்டுக்கு வயதே இல்லாமல் போகிறது.

என்ன செய்யலாம் என்றால், பாலியெஸ்டர் உறை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டு, அட்டைப் பெட்டியில் நிறுத்தி வையுங்கள். பிவிசி உறை நாளாவட்டத்தில் பிசுபிசுக்கும், அதை வாங்க வேண்டாம். பெட்டியைப் பரணிலும் வைக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். நாகப்பட்டினக் கடற்காற்றுக்கு ஈரம் அதிகம், ராமபாணப் பூச்சிக்கு அந்த ஈரமும் பழைய பசையும்தான் சாப்பாடு, உள்சுவர்ப் பக்கத்து பீரோவில் நடுத்தட்டில் வையுங்கள், மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். ஸ்கேன் எடுக்கும்போது 600 டிபிஐ வையுங்கள், அப்போதுதான் தூரத்தில் இருக்கிற கூரையும் கடைப்பலகையும் பெரிதாக்கிப் பார்க்கத் தெரியும்.

முகவரிப் பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள். பலரும் படத்தை மட்டும் அனுப்புகிறார்கள். “சௌக்கியம், தகப்பனாருக்கு ஜுரம் தேவலை, நெல் அளந்தாயிற்று, வீட்டுக்கு மேற்கே சத்திரத்தை இடித்துவிட்டார்கள்” என்று யாரோ பேனாவால் எழுதிய நாலு வரியில், எந்தப் படத்திலும் வராத ஒரு சத்திரம் இருந்த இடமும் போன காலமும் கிடைத்துவிடும். எழுத்து புரியவில்லை என்றால் எங்களுக்கு அனுப்புங்கள், பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், படித்துச் சொல்கிறோம். கார்டில் நீங்களாகக் குறிப்பு எழுத வேண்டுமானால் பேனா வேண்டாம், மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள், யார் சொன்னது, எந்த வருஷம் சொன்னது என்பதையும் சேர்த்து.